பெஞ்சு மேல் ஏறு

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக ஒரு மலர் போடுகிறார்களாம். கட்டுரை கேட்டு வந்தவர், "நீங்கள் சாதித்ததை எழுதுங்கள் டீச்சர்" என்றார். சாதித்ததை எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். மிச்ச இடத்துக்கு விளம்பரம் தேடி அவர் அலைய வேண்டியிருக்கும். அதனால் சொதப்பியதை எழுதுகிறேன். அது என்னிடம் தாராளமாக இருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசி. சிவகாசியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் டீச்சராகச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். வயது இருபத்துமூன்று. பி.டி., அதாவது இன்றைய பி.எட்., முடித்த காகிதத்தில் மை காயவில்லை. ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்தே அது படிக்குமா படிக்காதா என்று சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உங்களிலும் சிலருக்கு இந்த வியாதி இருக்கும். பயப்பட வேண்டாம், மருந்து இருக்கிறது. கொஞ்சம் கசக்கும்.

என் மருந்தின் பெயர் ராஜக்கனி. மூன்றாம் ஃபாரம், இன்றைய கணக்கில் எட்டாம் வகுப்பு. பதினான்கு வயது. அப்பா சின்ன அச்சகம் வைத்திருந்தார். பட்டாசுப் பெட்டிக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அடிக்கிற வேலை. வாயைத் திறந்தால் கெட்டிக்காரி, புத்தகத்தைத் திறந்தால் ஊமை. வாசிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் போவாள். அவள் ஒரு வரியை முடிப்பதற்குள் மற்ற பிள்ளைகள் கொட்டாவி விட்டு, அந்தக் கொட்டாவிக்குச் சிரித்து, சிரித்ததற்கு என்னிடம் திட்டும் வாங்கி முடித்திருப்பார்கள்.

ஒருநாள் வாசிக்க எழுந்தவள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. என் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "புத்தகத்தை நேராப் பிடி" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பெஞ்சு மேல் ஏறு" என்றேன். ஏறினாள். பீரியட் முடிகிற வரை நின்றாள். அன்று இளங்கோ முதல் இலக்கணம் வரை என்ன நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் நின்றது நினைவிருக்கிறது.

அந்த வருஷமும் ஃபெயில், முந்தின வருஷமும் ஃபெயில். ஒரே வகுப்பில் மூன்றாம் முறை உட்கார எங்கள் பள்ளியில் இடமில்லை. டி.சி. எழுதுகிற வேலை வகுப்பு டீச்சருக்கு. விலகும் காரணம் என்ற இடத்தில் "படிப்பில் நாட்டமில்லை" என்று அழகாக எழுதி, தலைமை ஆசிரியை முன்னால் வைத்தேன். அவரைப் பெரிய டீச்சர் என்போம். உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. தாளைப் பார்த்தார், மடித்தார், என்னிடமே நீட்டினார்.

"இதை நீயே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடு. அடுத்து அந்தப் பிள்ளை என்ன செய்யணும்னு அவங்க கேப்பாங்க. அதுக்கும் நீயே பதில் சொல்லிட்டு வா."

பியூன் வேலையைத் தருகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் பொருமல். வெட்டி அனுப்புகிறவரே போய் அந்த வீட்டில் ஒருதரம் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. பிற்காலத்தில் நானும் அதையே பின்பற்றினேன். என்னிடம் வேலை பார்த்தவர்கள் என்னை எப்படித் திட்டினார்கள் என்று எனக்குத் தெரியும்.

வீட்டின் முன்பகுதி அச்சகம், பின்பகுதி குடித்தனம். தீபாவளி சீசனுக்கான ஆர்டர்கள் வந்து விழுந்துகொண்டிருந்த ஆனி மாதம். மிஷின் சத்தத்துக்கு நடுவே எனக்கு நாற்காலி போட்டார்கள். அண்ணாச்சி, அதாவது ராஜக்கனியின் அப்பா, கை மையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அம்மா காப்பி கொண்டுவந்தார். ஊஞ்சலில் ஏற்கெனவே ஒரு அம்மாள் இருந்தார். அண்ணாச்சியின் அக்கா, வெம்பக்கோட்டையில் நிலபுலனோடு வாழ்கிறவர். டி.சி. வரப்போகிறது என்ற சேதி எனக்கு முன்னால் அவருக்குப் போயிருந்தது.

"படிப்பு ஏறலைல்ல, விடுங்க" என்றார் அந்த அம்மாள். "எம் மவனுக்குக் கட்டிக் குடுங்க. ஆவணில முகூர்த்தம் வச்சிருவோம். களத்துல நெல்ல அள்ளுதவளுக்கு ஃபாரம் எதுக்கு, கீரம் எதுக்கு?"

"மதினி, பிள்ளைக்கு வயசு பதினாலுதான் ஆகுது" என்றார் அம்மா. "பாளையங்கோட்டைல விடுதியோட பள்ளிக்கூடம் இருக்காமே டீச்சர். அங்கன சேத்தா கண்டிச்சுப் படிக்க வைப்பாகளாம்."

"தையல் கிளாஸ்னாலும் தேவலை" என்றார் அண்ணாச்சி. "நீங்க சொல்லுங்க டீச்சரம்மா. நீங்க சொன்னா சரிதான்."

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். ராஜக்கனி கதவோரம் நின்றாள். அவளும் என்னைத்தான் பார்த்தாள். இருபத்துமூன்று வயதில் ஒரு பெண்ணின் வாழ்க்கையை மடியில் வைத்துக்கொண்டு காப்பி குடிப்பது எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கடைசியாக ஒரு சோதனை வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம் என்று நினைத்தேன். மேஜையில் அவளுடைய தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, என் பக்கமாக விரித்து வைத்தேன். அவள் எனக்கு எதிரே வந்து நின்றாள். "இந்தப் பாடம் எதைப் பத்தினது, சொல்லு" என்றேன். அவள் புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு கடகடவென்று வாசித்தாள். முற்றுப்புள்ளியில் நின்றாள், கால்புள்ளியில் மூச்சு விட்டாள். என்னைவிட நன்றாக வாசித்தாள்.

எனக்கு ஆச்சரியம். புத்தகத்தை அவள் பக்கமாகத் திருப்பி, "அடுத்த பத்தியையும் வாசி" என்றேன். பழையபடி தடவல். எழுத்தைக் கூட்டினாள், விட்டாள், வியர்த்தாள்.

சரிதான், இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் உட்கார்ந்து பாடத்தை மனப்பாடம் செய்திருக்கிறாள், இப்போது வேண்டுமென்றே என்னைக் கேலி செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். முதல் பத்தி மனப்பாடமாக வந்தவளுக்கு அடுத்த பத்தி மட்டும் ஏன் வராமல் போக வேண்டும்? இந்தக் கேள்வி உங்களுக்கு இந்நேரம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. நான் பி.டி. படித்தவள்.

"தையல் கிளாஸ்லயே சேருங்க" என்றேன். "விடுதிப் பள்ளிக்கு அனுப்புறது வீண்."

"தையலுக்கு அங்கனயே மிஷின் வாங்கிப் போட்டுருதேன்" என்றார் அத்தை, ஊஞ்சலை ஒரு உந்து உந்தி. தையலை அவர் வெம்பக்கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் செருப்பை மாட்ட வாசலுக்கு வந்தேன்.

வாசல் பக்கத்து மேஜையில் ஒரு லேபிளின் புரூஃப் கிடந்தது. நாரணாபுரத்துக் கம்பெனி ஒன்றுக்குப் போகிற பட்டாசு லேபிள். மிஷினில் ஏற்றுவதற்கு முன் அண்ணாச்சி கடைசியாக ஒருதரம் பார்க்க வேண்டும். நான் வந்தபோதே அது அங்கேதான் இருந்தது, காப்பிக்குக் காத்திருந்த நேரத்தில் நானும் வாசித்திருந்தேன். அண்ணாச்சி குனிந்து வாய்விட்டு வாசித்தார். "தூர நின்று கொளுத்தவும். சரி. மிஷின்ல ஏத்துங்கப்பா."

"ஐயா, நிறுத்துங்க" என்றாள் ராஜக்கனி. மேஜைக்கு அந்தப் பக்கம், அப்பாவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். "கொளுத்தவும் இல்ல, கொழுத்தவும்னு இருக்கு. ளானாவுக்குப் பதிலா ழானா."

ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாக நான் எட்டிப் பார்த்தேன். "தூர நின்று கொழுத்தவும்." எட்டத்தில் போய் நின்று குண்டாகுங்கள் என்று நாடு முழுக்கச் சொல்லப் போகிற லேபிள். ஒருவேளை நல்ல ஆலோசனைதான். ஆனாலும் பட்டாசுக்குப் பொருந்தாது.

எங்கள் பக்கத்தில் இரண்டு எழுத்தையும் நாக்கு ஒரே மாதிரிதான் சொல்லும். அண்ணாச்சி காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. எழுத்துக் கோத்தவர் கேட்டாலும் முடியாது. தமிழ் டீச்சரான நான் கண்ணால் பார்த்தும் விட்டிருந்தேன். இந்தப் பெண், படிப்பில் நாட்டமில்லாதவள், மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, தலைகீழாகத் தெரிகிற காகிதத்தில் பிடித்துவிட்டாள்.

தலைகீழாக!

செருப்பைக் கழற்றினேன். சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்து, அவள் முன்னால் தலைகீழாகப் பிடித்தேன். பஞ்சாங்கத்தை யாரும் மனப்பாடம் செய்ய மாட்டார்கள். ராகு காலம், எமகண்டம், மைத்ர முகூர்த்தம் என்று மழை மாதிரி கொட்டினாள். நிமிர்த்திப் பிடித்தேன். தடவினாள்.

"இது எப்பலேருந்து அண்ணாச்சி?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "நாலு வயசுலேருந்து நான் புரூஃப் பாக்கையில கூடவே நிப்பா. எம்பக்கம் வந்தா ஜன்னல் வெளிச்சத்த மறைப்பா. அதனால அங்கன போய் நில்லுட்டீன்னு வெரட்டுவேன். அங்கன நின்னே எழுத்தெல்லாம் படிச்சுக்கிட்டா. நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

ஆரம்பப் பள்ளியில் ஒரு புத்தகத்தைச் சுற்றி நாலு பிள்ளைகள் உட்காருவார்கள். அங்கே இவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சமாளித்திருக்கிறாள். பெரிய பள்ளிக்கு வந்ததும் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தோம். காதால் கேட்டதை வைத்தே இரண்டு ஃபாரம் தாண்டியவளுக்கு மூன்றாவதில் படிப்பு நின்றது.

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று அவளிடமே கோபப்பட்டேன். பாருங்கள், அப்போதும் கோபம் எனக்குத்தான்.

"சொன்னேன் டீச்சர். திருப்பிப் பிடிச்சுக்கிடவான்னு கேக்க வந்தேன். நீங்க பெஞ்சு மேல ஏறச் சொன்னீக."

அப்போது எனக்கு வந்த வெட்கத்தை எழுத எந்தத் தமிழ் இலக்கணத்திலும் இடமில்லை. நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். "நான் சொன்னது தப்பு" என்றேன். ஒரு டீச்சர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டு ஊஞ்சலே நின்றுவிட்டது.

இனிமேல்தான் நிஜமாக யோசிக்க வேண்டியிருந்தது. எங்கள் பள்ளியில் இடமில்லை. விடுதிப் பள்ளிக்கு அனுப்பினால் அங்கே என்னைப் போல இருபது டீச்சர் இருப்பார்கள், பெஞ்சும் இருக்கும். தையல் கிளாஸ் என்று நான் சொன்னது யோசிக்காமல் தப்பித்துக்கொள்ளச் சொன்னது. எட்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சையைப் பள்ளிக்கூடம் போகாமலே எழுதலாம். வீட்டிலிருந்து படிக்க ஒரு வருஷம் இருந்தது. யார் சொல்லிக் கொடுப்பது என்று அண்ணாச்சி கேட்டார். தப்புச் செய்தவள்தான் என்றேன்.

முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியில் கேட்டேன். "ராஜக்கனி, உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு வெம்பக்கோட்டை வேண்டாம் டீச்சர். அத்தை நல்லவுக. அத்தானும் நல்லவுக. ஆனா அங்கன வாசிக்க ஒரு துண்டுக் காயிதம் கிடையாது. இந்த மேசைதான் வேணும்."

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "பரீட்சை வரைக்கும் பொறுக்கேன். தேறலைன்னா அடுத்த வருஷம் ஆவணில தாலி. அதுக்குப் பொறவு டீச்சரு வாயத் தொறக்கப்பிடாது" என்றார். அண்ணாச்சி தலையாட்டினார். அக்கா பேச்சை அவர் அதுவரை தட்டியதில்லை.

டி.சி.யைக் கொடுக்காமலே பள்ளிக்குத் திரும்பினேன். நேரே பெரிய டீச்சரிடம் போனேன். "காரணத்தை மாத்தணும் டீச்சர்" என்றேன். "மாத்து. நான் இன்னும் கையெழுத்துப் போடலையே" என்றார். விரித்துப் பார்த்தேன். கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது. செல்லாத காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் நடுவே நடந்திருக்கிறேன், அதையும் வாசிக்கவில்லை. அடித்துவிட்டு, "தனியாகத் தேர்வு எழுதுவதற்காக" என்று எழுதினேன். அவர் கையெழுத்திட்டார். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. சத்தியம் செய்ய மாட்டேன்.

தினமும் சாயங்காலம் பாடம். புத்தகத்தை ஒரேயடியாக நிமிர்த்தினால் மிரள்கிறாள் என்பதால், கடிகார முள் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினோம். ஆடியில் ஆறு மணி, அதாவது முழுத் தலைகீழ். புரட்டாசியில் அரை வட்டத்தில் பாதி, புத்தகம் பக்கவாட்டில் படுத்திருக்கும். அவளோடு நானும் தலையைச் சாய்த்துச் சாய்த்து எனக்குக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டது. வகுப்பில் நான் ஒருபக்கமாகப் பார்ப்பதைக் கண்டு, டீச்சருக்குத் திமிர் கூடிவிட்டது என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். தை மாதம் புத்தகம் நிமிர்ந்துவிட்டது. ஆனால் பயம் வந்தால் மட்டும் அவள் கண் பழைய பக்கத்துக்கே ஓடிவிடும்.

பரீட்சை விருதுநகரில். அண்ணாச்சியும் நானும் கூடவே போனோம். வாசலில் வைத்து அவளுக்கு நூறு தடவை சொன்னேன். "எக்காரணம் கொண்டும் தாளைத் திருப்பாதே. காப்பி அடிக்கிறேன்னு வெளியே அனுப்பிருவாங்க." அனுபவப்பட்ட ஆளின் அறிவுரை என்று நினைத்துக்கொண்டேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நாங்கள் மரத்தடியில் நின்றோம். அண்ணாச்சி வேட்டி நுனியை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். "தேறலைன்னா எங்க அக்காகிட்ட நான் வாய் தொறக்க முடியாது டீச்சரம்மா" என்றார்.

உள்ளே நடந்ததை அவளே பிறகு சொன்னாள். கேள்வித்தாளைப் பார்த்ததும் பயத்தில் எழுத்தெல்லாம் பூச்சியாக ஓடியிருக்கிறது. என் நூறு அறிவுரையையும் ஓரமாக வைத்துவிட்டுத் தாளைத் திருப்பிவிட்டாள். மேற்பார்வைக்கு நின்ற சார் வந்து நேராக வைத்தார். அவர் நகர்ந்ததும் திருப்பினாள். மறுபடியும் வந்து நேராக வைத்தார். மறுபடியும் திருப்பினாள். மூன்றாம் முறை அவர் மேஜைக்கு எதிரே வந்து நின்று, "என்ன விளையாட்டு இது?" என்று அதட்டினார்.

ராஜக்கனி எழுந்து நின்றாள். "நீங்க நின்னுக்கிட்டே இருக்கீக சார். உங்களுக்கு நேரா இருக்கட்டும்னுதான் வச்சேன்."

அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டதாம். தாளை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். அதில் ஒரு கிறுக்கலும் இல்லை. அது எப்படி இருந்ததோ அப்படியே, தனக்கு நேராக, மேஜையில் வைத்தார். "மரியாதை தெரிஞ்ச பிள்ளை" என்று பக்கத்து சாரிடம் சொல்லிவிட்டு, அவளுக்குக் குடிக்கத் தண்ணீரும் அனுப்பினார். நான் சொன்னபடி கேட்டிருந்தால் ஆவணியில் தாலி ஏறியிருக்கும்.

தேறிவிட்டாள். தமிழில் அமோகம், கணக்கில் மயிரிழை. அத்தை வந்து ரிசல்ட் தாளை வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "காயிதத்தத் தலைகீழா வாசிக்கவ எங்க வீட்டு வரவு செலவத் தலைகீழாக்கிருவா. வேண்டாம்ப்பா" என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். மறு தையில் அவர் மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம். பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்தது ராஜக்கனிதான்.

எனக்கு ஆசை விடவில்லை. "ஆசிரியப் பயிற்சியில் சேர், நீயும் டீச்சராகலாம்" என்றேன். "பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தா நானும் உங்கள மாதிரி ஆயிருவேன் டீச்சர்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் கேட்ட மேஜையிலேயே உட்கார்ந்தாள். சீசன் நேரத்தில் பக்கத்து அச்சகங்களிலிருந்தும் புரூஃபை அவளிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போவார்கள்.

அறுபதுகளில் எனக்கும் ஒருவழியாகக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வாசகத்தை நானே எழுதி, நானே மூன்று தடவை சரிபார்த்து, அந்த அச்சகத்தில்தான் கொடுத்தேன். புரூஃப் வந்தது. நான் மேஜைக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். நான் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்று நிமிர்ந்தேன்.

"மாப்பிள்ளைக்கு வாழ்த்து வேண்டாமா டீச்சர்?" என்றாள்.

"மணமக்களை வாழ்த்த வருக" என்று இருக்க வேண்டிய இடத்தில், என் கைப்பட, "மணமகளை வாழ்த்த வருக" என்று எழுதியிருந்தேன். ஊரே வந்து என்னை மட்டும் வாழ்த்திவிட்டுப் போயிருக்கும்.

நாலு நாளில் பத்திரிகைக் கட்டு விருதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மேலாக ஒன்று மட்டும் தனி உறையில், என் பெயரெழுதி இருந்தது. பிரித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அடியில் மட்டும் பொடி எழுத்தில் ஒரு வரி தலைகீழாக அச்சாகியிருந்தது. வீட்டில் அத்தனை சொந்தக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தேன்.

"தலைகீழாப் பிடிச்சிருக்கீக டீச்சர். பெஞ்சு மேல ஏறுங்க."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஜன்னலோரம் கிடந்த பழைய பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். அம்மா கதவைத் தட்டி, "கல்யாணப் பொண்ணு உள்ள என்னடி பண்றே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் இறங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒரு பீரியட் முழுக்க நின்றேன்.